அட்டைப்படமும் ஆட்ட விதியும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (இயற்பியல்)

'அகத்தின் அழகு முகத்தில் தெரியும்' என்பது பழமொழி. மனிதர் முகத்துக்கு இது பொருந்துமா என்பதைப் பட்டிமன்றத்தார் பார்த்துக்கொள்ளட்டும். நூலின் முகமாகிய அட்டைக்கு இது பொருந்துகிறதா என்பதே என் கேள்வி. அதிலும் எல்லா நூல்களையும் பற்றியன்று. மேலைநாடுகளில் கடந்த ஐம்பது ஆண்டுகளாக அச்சாகிவரும் ஒரு தனி வகை நூலைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன். அவை கற்பனை உலகப் பாத்திர விளையாட்டுகளின் விதிநூல்கள். விளையாட்டுக்கு ஒரு நூலா, அந்நூலின் அட்டைக்கு ஒரு கட்டுரையா என்று பேராசிரியப் பெருமக்கள் புன்னகை செய்யக்கூடும். சற்றே பொறுத்தருள வேண்டுகிறேன்.

முதலில் விளையாட்டைச் சொல்லிவிடுகிறேன். நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்கிறார்கள். ஒருவர் ஆட்டத்தை நடத்துபவர். மற்ற ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்கிறார்கள். ஒருவர் போர்வீரன், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் பூசகர், ஒருவர் திருடன். 'பாழடைந்த கோட்டையின் நிலவறையில் நிற்கிறீர்கள். எதிரே ஒரு கதவு. உள்ளே ஏதோ உறுமுகிறது. என்ன செய்யப் போகிறீர்கள்?' என்று நடத்துபவர் கேட்பார். தத்தம் பாத்திரம் செய்வதை ஆட்டக்காரர்கள் வாயால் சொல்வார்கள். சொன்னது பலித்ததா இல்லையா என்பதைப் பகடை தீர்மானிக்கும். பகடை என்றால் நாம் அறிந்த ஆறுமுகப் பகடை மட்டுமன்று. 4, 8, 12, 20 முகங்கள் கொண்டவையும் உண்டு. ஒழுங்கான பன்முகத் திண்மங்கள் ஐந்தே ஐந்துதான் என்று வடிவியலில் படிக்கிறோமல்லவா? அந்த ஐந்தும் இந்த மேசையில் உருள்கின்றன! இறுதியில் வென்றவர் தோற்றவர் என்று அறிவிப்பதில்லை. கதை வளரும்; பாத்திரம் உயிர் பிழைத்தால் வலிமை பெறும்; அடுத்த வாரம் ஆட்டம் தொடரும்.

இவ்வகையில் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. நிலவறைகளும் டிராகன்களும் என்று பொருள். டிராகன் என்பது சிறகு விரித்துப் பறந்து நெருப்பு உமிழும், பாம்பும் பல்லியும் கலந்தாற்போன்ற பெரும் கற்பனை விலங்கு. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவர் இயற்றிய இவ்விளையாட்டை, அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்னும் சிற்றூரிலிருந்த டி.எஸ்.ஆர். என்ற சிறு நிறுவனம் 1974ஆம் ஆண்டு வெளியிட்டது. முதலில் அச்சிட்டவை 1,000 படிகள். ஒரு பெட்டி, அதனுள் மூன்று சிறு நூல்கள். அவ்வளவுதான்.

இனி அட்டைக்கு வருவோம். ஒரு நாவலுக்கு அட்டை வரைபவருக்கு வேலை எளிது என்று சொல்லமாட்டேன். ஆனால் அவர் கையில் கதை இருக்கிறது. கதாநாயகி யார், அவள் எந்த ஊர், எந்தக் காட்சி உருக்கமானது என்பதெல்லாம் நூலுக்குள்ளேயே கிடைக்கும். விதிநூலுக்குள் என்ன இருக்கிறது? அட்டவணைகள். வாளின் விலை, கயிற்றின் நீளம், எந்த மந்திரம் எவ்வளவு தூரம் பாயும் என்ற கணக்குகள். கதாநாயகன் நூலில் இல்லை. அவன் கடையில் நின்று அந்த நூலைப் புரட்டிக்கொண்டிருக்கிறான்! இன்னும் நடக்காத ஒரு கதையிலிருந்து, இன்னும் பிறக்காத ஒரு பாத்திரத்தை ஓவியர் வரைந்தாக வேண்டும். எதை வரையச் சொல்வது என்று பதிப்பகத்தார் திண்டாடுவதில் வியப்பில்லை.

இந்த நூல்களின் அட்டைகளை நான் பார்த்ததெல்லாம் கைப்பேசித் திரையில்தான். ஆண்டு வரிசைப்படி பார்த்துக்கொண்டு வந்தபோது ஓர் அளவுகோல் தென்பட்டது. அட்டையில் இருப்பவர்கள் செய்யும் செயலும், நூலின் விதிகள் எந்தச் செயலுக்குப் பரிசு தருகின்றனவோ அந்தச் செயலும் ஒன்றாக இருக்கின்றனவா? ஓவியம் அழகாக இருக்கிறதா என்ற கேள்விக்குப் பத்துப் பேர் பத்து விடை சொல்வார்கள். இந்தக் கேள்விக்கோ நூலைத் திறந்தால் விடை கிடைத்துவிடும்.

குதிரை வீரனும் குறுக்குவெட்டும்

1974ஆம் ஆண்டுப் பெட்டியின் மீது முன்னங்கால்களைத் தூக்கி நிற்கும் குதிரையும் அதன்மேல் ஒரு வீரனும் இருந்தனர். வரைந்தவர் கிரெக் பெல். மார்வெல் நிறுவனத்தின் 1968ஆம் ஆண்டுக் காமிக்ஸ் இதழொன்றின் கட்டத்தைப் பார்த்து வரைந்த படம் அது. பணமில்லாத நிறுவனம், அவசரம், கிடைத்த கை. அதைக் கொண்டு பெரிதாக ஆராய வேண்டியதில்லை.

1977இல் நிலைமை மாறியது. டி.எஸ்.ஆர். தன் முதல் கெட்டி அட்டை விதிநூலாக 'மான்ஸ்டர் மேனுவல்' என்னும் பூதகணத் தொகுப்பை வெளியிட்டது. 350க்கும் மேற்பட்ட கற்பனை உயிர்களின் பட்டியல் அது. அட்டையை டேவிட் சதர்லாண்டு வரைந்தார். நிலவியல் பாடநூலில் பாறை அடுக்குகளைக் காட்டும் குறுக்குவெட்டுப் படம் வருமே, அதைப் போன்றது. மேலே வெயிலும் புல்வெளியும். வானில் சிவப்பு டிராகன். தரையில் ஒற்றைக் கொம்புக் குதிரையும், பாதி மனிதன் பாதி குதிரையான சென்டாரும். கீழே மண்ணை வெட்டிக் காட்டினாற்போல் குகைகள். அவற்றுக்குள் இருட்டில் வாழும் உயிர்கள். கோடுகளில் நேர்த்தி குறைவு, வண்ணம் தட்டை என்று குறை சொல்வோர் உண்டு. சொல்லட்டும். உலகம் இரண்டு அடுக்கு கொண்டது, ஆழம் போகப் போக ஆபத்து மிகும் என்பது இந்த விளையாட்டின் அடிப்படை விதி. அதை ஒரு வார்த்தை எழுதாமல் அட்டையிலேயே பாடமாக நடத்திவிட்டார் சதர்லாண்டு. இது பூதங்களின் பட்டியல் என்பதால் அட்டையில் வீரன் ஒருவனுக்கும் முதன்மை இல்லை. அதுவும் சரியே.

போருக்குப் பின் வந்த ஓவியம்

நான் மிகவும் மதிக்கும் அட்டை அதற்கு அடுத்த ஆண்டு வந்தது. 1978இல் வெளியான 'பிளேயர்ஸ் ஹேண்ட்புக்' அதாவது ஆட்டக்காரர் கையேடு. ஓவியர் டேவிட் டிராம்பியர். படங்களில் 'டி.ஏ.டி.' என்று மூன்று எழுத்தில் கையொப்பமிடுபவர்.

ஒரு பாழ்மண்டபம். நடுவே கொம்பு முளைத்த பேய்ச்சிலை ஒன்று மாபெரும் உருவாக அமர்ந்திருக்கிறது. அதன் முகத்தின்மேல் ஏறிய இருவர், கண்ணாகப் பதித்திருக்கும் பெரிய மணிக்கல்லை நெம்பிக்கொண்டிருக்கிறார்கள். கீழே பல்லி மனிதர்களின் பிணங்கள் கிடக்கின்றன. அவற்றை இழுத்து அப்புறப்படுத்துகிறார்கள். ஒருவன் வாளைத் துடைக்கிறான். சிலர் வரைபடத்தைப் பார்த்து ஏதோ பேசிக்கொள்கிறார்கள்.

கவனியுங்கள், நண்பர்களே! போர் முடிந்துவிட்டது. வாளோங்கும் வீரன் இல்லை. பாயும் விலங்கு இல்லை. நாமாக இருந்தால் இந்தக் காட்சியைத் தேர்ந்தெடுத்திருப்போமா? 'விறுவிறுப்பாக ஏதாவது போடுங்கள்' என்றுதானே ஓவியரிடம் சொல்லியிருப்போம்? ஆனால் விதிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தால்தான் இந்த அட்டையின் நேர்மை விளங்கும்.

அக்கால விதிகளில் ஒரு பாத்திரம் ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்கு உயர 'அனுபவப் புள்ளி' வேண்டும். நிலவறையிலிருந்து பத்திரமாக வெளியே கொண்டுவந்து சேர்க்கும் ஒவ்வொரு பொற்காசுக்கும் ஒரு புள்ளி. எதிரியைக் கொன்றாலும் புள்ளி உண்டு. ஆனால் மிகக் குறைவு. அதே நிறுவனத்தின் 1981ஆம் ஆண்டு அடிப்படை விதிகளை எடுத்துக் கணக்கிடுவோம். போர்வீரன் இரண்டாம் நிலைக்கு வர 2,000 புள்ளிகள் தேவை. 'ஓர்க்' எனப்படும் சாதாரண எதிரியைக் கொன்றால் 10 புள்ளிகள். வெட்டியே முன்னேறுவேன் என்று ஒருவன் புறப்பட்டால் தனியாளாக 200 ஓர்க்குகளை வெட்டியாக வேண்டும். அதற்குள் அவனையே பலமுறை புதைத்திருப்பார்கள். சிலையின் இரு கண்களும் தலா 1,000 பொன் பெறும் என்று வைத்துக்கொண்டால் அவை இரண்டே அந்த 2,000 புள்ளிகளைத் தந்துவிடும். பங்கு கேட்க ஆட்கள் பலர் நிற்கிறார்கள் என்பது வேறு கதை!

ஆக, அந்த ஓவியத்தில் ஆட்டத்தின் மையம் வாள் அன்று; நெம்புகோல். அதற்கடுத்து வரைபடம். அதற்கும் அடுத்துத்தான் துடைக்கப்படும் வாள். விதிகளும் அதே வரிசையைத்தான் சொல்கின்றன. கையேட்டை வாங்கிய சிறுவன் முதல் நாள் ஆட்டத்திலேயே அட்டையில் கண்டதைச் செய்ய முடியும். இன்னொரு நயமும் உண்டு. அட்டையில் தனிப்பெரும் கதாநாயகன் இல்லை. ஆளாளுக்கு ஒரு வேலை. மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடும் கூட்டமும் அப்படித்தானே? சிலையின் இன்னொரு கண் இன்னும் அப்படியே இருக்கிறது; அதை எடுத்தபின் என்ன ஆகும் என்று படத்தில் இல்லை. பார்ப்பவன் மனம் தானாகவே அடுத்த காட்சிக்குப் போய்விடுகிறது.

45 புள்ளி நெருப்பு

1979ஆம் ஆண்டு நடத்துபவர் கையேட்டை விரைவாகக் கடந்துவிடலாம். நெருப்புலக அரக்கன் ஒருவன் கையில், அரைகுறை ஆடையில் ஒரு பெண் சிக்கியிருக்கிறாள், எதிரே வீரர்கள். பெண் என்றால் காப்பாற்றப்பட வேண்டியவள் என்ற பழைய சரக்கு. எங்கள் வகுப்பில் மாணவியரே மிகுதி. இந்த அட்டையைக் காட்டி 'இது உங்களுக்கான நூல்' என்று அவர்களிடம் சொல்ல எனக்கு வாய் வராது. இத்தனைக்கும் ஓராண்டுக்கு முன்பே, 1978இல், கேயாசியம் என்ற வேறொரு நிறுவனம் தன் 'ரூன்குவெஸ்ட்' நூலின் அட்டையில் பல்லி போன்ற விலங்கோடு நேருக்கு நேர் பொருதும் ஒரு வீராங்கனையைப் போட்டிருந்தது. டி.எஸ்.ஆருக்கும் 1981இல் புத்தி வந்தது. அவ்வாண்டு அடிப்படைப் பெட்டிக்கு ஈரோல் ஓட்டஸ் வரைந்த படத்தில், நீரிலிருந்து எழும் டிராகனை இருவர் எதிர்க்கிறார்கள். ஒருவன் ஈட்டியோடு நிற்கிறான். அருகில் மந்திரம் ஏவுபவள் ஒரு பெண். இந்த ஓட்டஸ்தான் 1980இல் வந்த தெய்வங்கள் பற்றிய விதிநூலுக்கும் அட்டை வரைந்தவர். அந்நூலில் நம் இந்திரனுக்கும் அக்கினிக்கும் காளிக்கும்கூட இத்தனை அடி தாங்குவர் என்று எண் போட்டு அச்சிட்டிருக்கிறார்கள்! நம் பாட்டிமார் கண்ணில் படாதவரை நல்லது.

இப்பொழுது எல்லாரும் புகழும் அட்டைக்கு வருகிறேன். 1983ஆம் ஆண்டு அடிப்படைப் பெட்டி. சிவப்புப் பெட்டி என்றே பெயர் பெற்றது. ஓவியர் லாரி எல்மோர். சிறகை விரித்து வாயைப் பிளந்து பார்ப்பவர் மேலேயே பாய்வதுபோல் ஒரு சிவப்பு டிராகன். எதிரே கொம்பு வைத்த தலைக்கவசமும் கையில் வாளுமாக ஒற்றை வீரன். பெரும்பாலும் முதுகைத்தான் காட்டி நிற்கிறான். முகம் காட்டாததால் அந்த இடத்தில் நாமே நிற்பதுபோல் ஆகிவிடுகிறது. ஓவியத் திறனில் டிராம்பியரைவிட எல்மோர் ஒரு படி மேல் என்பதை மறுக்கமாட்டேன். செதில்களின் பளபளப்பு ஒன்றே போதும். இந்தப் பெட்டி பல மொழிகளில் வெளிவந்தது. 2010இல் புதிய தொடக்கநிலைப் பெட்டி ஒன்று வெளியிட்டபோதும் இதே ஓவியத்தைத் திரும்ப எடுத்து அட்டையாக்கினார்கள்.

ஆனால் அளவுகோலை வைத்துப் பார்ப்போம். இப்பெட்டிக்குள் இருப்பவை முதல் மூன்று நிலைகளுக்கான விதிகள். புதிய வீரன் ஒருவன் எவ்வளவு அடி தாங்குவான் என்பதை 'உயிர்ப்புள்ளி' என்ற எண் குறிக்கும். போர்வீரனுக்கு ஓர் எட்டுமுகப் பகடை. சராசரி 4.5, மிக உயர்ந்தது 8. இரும்பு உடம்பு வாய்த்தவனுக்குக் கூடுதலாக 3 சேர்த்தாலும் 11. சிவப்பு டிராகனுக்கோ அதே பகடையைப் பத்து முறை உருட்ட வேண்டும். சராசரி 45. அதன் நெருப்பு மூச்சு, அந்நேரம் அதற்கு எத்தனை உயிர்ப்புள்ளி உள்ளதோ அத்தனை புள்ளி சேதம் செய்யும் என்பது விதி. வீரன் பகடையில் வென்று விலகிக்கொண்டால் பாதி. பாதி என்றால் 22. நம் ஆள் தாங்குவது, இரும்பு உடம்போடும் 11. அட்டையில் எல்மோர் வரைந்திருப்பது, கணக்குப்படி பார்த்தால், இன்னும் ஒரு நொடியில் சாம்பலாகப் போகும் ஒரு மனிதனைத்தான்.

'அதனால் என்ன? ஆசை காட்டுவதுதானே அட்டையின் வேலை? இன்று முடியாதது பத்தாம் நிலையில் முடியும். சிறுவனுக்கு ஒரு குறிக்கோள் வேண்டாமா?' என்று எங்கள் விடுதியில் ஒரு நண்பர் வாதிட்டார். இந்த வாதத்தில் வலு இருக்கிறது. நூலின் பெயரிலேயே டிராகன் இருக்கும்போது அட்டையில் அதை ஒளித்துவைத்தால் வாங்குபவன் ஏமாற்றம் அடைவான் என்பதும் மெய்தான். விற்பனை என்ற ஒன்றை மட்டும் கொண்டால் எல்மோரே வென்றார்.

இருந்தாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். எந்த நூலை வாங்கலாம், எது நமக்கு ஏற்றது என்று எடுத்துச் சொல்லப் பலருக்கு அண்ணன் இருக்கிறான், அப்பா இருக்கிறார். இல்லாதவன் கடையில் என்ன செய்வான்? அட்டையைப் பார்க்கிறான், பின்னட்டையைப் படிக்கிறான், விலையைப் பார்க்கிறான். அவனுக்கு அட்டை அலங்காரம் அன்று, வழிகாட்டிப் பலகை. சேலம் என்று எழுதிய பலகை சேலத்துக்குத்தான் போக வேண்டும். சேர்த்துவைத்த காசைக் கொடுத்து, தனியாக வாளோங்கி டிராகனை வெல்லலாம் என்று நம்பி வாங்கிய அமெரிக்கச் சிறுவன், உள்ளே போனதும் கூட்டமாகப் போ, கதவில் காது வைத்துக் கேள், பெரிய விலங்கைக் கண்டால் ஓடு என்று படிக்கிறான். நல்ல விளையாட்டுத்தான். அவன் வாங்கிய விளையாட்டு அதுவன்று.

இங்கிலாந்திலிருந்து 1986இல் வந்த 'வார்ஹாம்மர் ஃபேன்டஸி ரோல்பிளே' நூலை எதிர்ச்சான்றாகக் காட்டலாம். ஜான் சிப்பிக் வரைந்த அட்டையில் விறுவிறுப்புக்குக் குறைவில்லை. சண்டை உச்சத்தில் இருக்கிறது. முன்னால் நிற்பவன் செம்மஞ்சள் முடியைச் சேவல் கொண்டைபோல் நிறுத்திய ஒரு குள்ளன். பூதங்களோடு போரிட்டே சாவது என்று சபதம் எடுத்தவர்களின் கூட்டம் ஒன்று அவ்விளையாட்டில் உண்டு, அவன் அக்கூட்டத்தான். விதிநூலைத் திறந்தால் அந்தத் தொழில் தொடக்கநிலைத் தொழில்களில் ஒன்றாகவே இருக்கிறது! எலி பிடிப்பவன், பிச்சைக்காரன் முதலியோரோடு அவனும் பட்டியலில் நிற்கிறான். அட்டையில் இருப்பவனாகவே முதல் நாள் ஆடலாம். பரபரப்பும் உண்மையும் ஒரே அட்டையில் வாழ முடியும் என்பதற்கு இது போதும்.

அட்டை மாறினால்

1980களில் அமெரிக்காவில் இவ்விளையாட்டின்மீது ஒரு பழி எழுந்தது. சிறுவர்களைப் பேய் வழிபாட்டுக்கு இழுக்கிறது என்றார்கள். அதே பத்தாண்டில், 1983இல், மூன்று முதன்மை நூல்களுக்கும் ஜெஃப் ஈஸ்லியின் புதிய ஓவியங்களும், அடுக்கில் தூரத்திலிருந்தே தெரியும் செம்மஞ்சள் முதுகும் வந்தன. பேய்ச்சிலை போயிற்று, அரக்கன் போனான், மந்திரம் ஏவும் மந்திரவாதி வந்தார். உள்ளே விதிகள் அப்படியே இருந்தன! பொன்னுக்குப் புள்ளி தரும் விதி மாறவில்லை. அதைக் காட்டிய படம் மட்டும் மாறியது. 1989இல் இரண்டாம் பதிப்பு வந்தபோதுதான் உள்ளும் புறமும் சேர்ந்து மாறின. அட்டையில் மலையிடுக்கில் குதிரைகளில் பாய்ந்துவரும் வீரர்கள். உள்ளே பொன்னுக்குப் புள்ளி என்பது விரும்பினால் மட்டும் கொள்ளும் விதியாகச் சுருங்கிவிட்டது. திருடர் கூட்டம் வீரர் படையாகிவிட்டது. எனக்குத் திருடர்களையே பிடித்திருக்கிறது. ஆயினும் 1989ஆம் ஆண்டு அட்டை பொய் சொல்லவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

1997இல் டி.எஸ்.ஆரை விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் வாங்கியது. அது 2000இல் கொண்டுவந்த மூன்றாம் பதிப்பின் அட்டையில் மனிதரே இல்லை. தோலும் உலோகமும் மணிக்கற்களும் பதித்த பழங்கால ஏடுபோல் அட்டை முழுவதையும் ஹென்றி ஹிக்கின்பாதம் வடிவமைத்தார். உள்ளே 20 முகப் பகடை ஒன்றையே மையமாக வைத்து எல்லா விதிகளையும் ஒரே ஒழுங்கில் கோத்திருந்தார்கள். 'நான் ஓர் இயந்திரம். என் பற்சக்கரங்களைப் பார்' என்று அந்த அட்டை சொல்வதாகவே எனக்குப் படுகிறது. ஏற்கெனவே ஆடிப் பழகியவருக்கு அது போதும். புதியவருக்குப் பூட்டிய கதவு. 2014இல் ஐந்தாம் பதிப்பின் அட்டையில் டைலர் ஜேக்கப்சன் மீண்டும் மனிதரைக் கொண்டுவந்தார். நெருப்பு அரக்கர்களின் மன்னன் எதிரே அந்தரத்தில் பாய்கிறாள் ஒரு பெண். 1979இல் அரக்கன் கையில் கிடந்தவள் இறங்கிவிட்டாள் என்று எண்ணிக்கொள்கிறேன்.

படமே இல்லாத அட்டைக்கும் ஒரு சொல். 1977இல் வந்த 'டிராவலர்' விண்வெளி விளையாட்டு. நம் தலைப்புக்குச் சற்று வெளியே நிற்பது. மூன்று கறுப்புச் சிறு நூல்கள். ஓவியம் ஏதுமில்லை. பெட்டியின்மேல், ஆபத்தில் சிக்கிய ஒரு வணிகக் கப்பல் உதவி கேட்டு அனுப்பும் வானொலிச் செய்தி மட்டும் சில வரிகளில் அச்சாகியிருந்தது. விண்வெளி பெரிது, உதவி தொலைவில், நீங்கள் தனியே. எந்த ஓவியரும் வரைய முடியாததை வெறும் கறுப்பு செய்துவிட்டது.

இன்று அட்டைக்கு ஒரு புதிய சோதனை வந்திருக்கிறது. கடையலமாரியில் ஒரு சாண் அகலத்தில் பார்த்த அட்டையைக் கைப்பேசியில் கட்டைவிரல் நகம் அளவே பார்க்கிறோம். அந்த அளவில் டிராம்பியரின் ஓவியம் தோற்றுப்போகிறது. சிலை தெரியும், கல்லை நெம்பும் ஆட்கள் தெரியமாட்டார்கள். எல்மோரின் டிராகன் நகம் அளவிலும் டிராகனாகவே இருக்கும். சுவீடனிலிருந்து வந்து 2020இல் ஆங்கிலத்தில் பரவிய 'மோர்க் போர்க்' என்னும் நூல் இந்தச் சிக்கலை நிறத்தால் தீர்த்தது. கண்ணைப் பறிக்கும் மஞ்சளில் ஓர் எலும்பு உருவம். பகல் வெளிச்சத்தில் நம் கண் மிக எளிதில் உணரும் ஒளி சுமார் 555 நானோமீட்டர் அலைநீளமுடையது என்று ஒளியியலில் படிக்கிறோம். மஞ்சளும் பச்சையும் கலந்த அந்தப் பகுதிக்கு அருகில்தான் அந்த மஞ்சள் நிற்கிறது. வடிவமைத்த யோஹான் நோர் ஒளியியல் படித்தாரோ இல்லையோ, தேர்வு சரி. உலகமே அழியப்போகும் கதை என்பதால் அந்த அருவருப்பான பளிச்சிடல் உள்ளடக்கத்துக்கும் பொருந்துகிறது.

டிராம்பியரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் அந்நிறுவனத்தின் 'டிராகன்' இதழில் தொடர் சித்திரக்கதை ஒன்றும் வரைந்துவந்தார். 1988இல் கதை பாதியில் நின்றது. அவர் எங்கே போனார் என்று வாசகருக்குத் தெரியவில்லை. 2002இல் இல்லினாய் மாநிலத்துக் கார்பண்டேல் நகரில், பல்கலைக்கழக மாணவர் நாளிதழ் ஒன்று டாக்சி ஓட்டுபவர்களைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டது. அதிலிருந்த ஓட்டுநர் டிராம்பியர். நம்மைப் போன்ற மாணவர்கள் நடத்திய ஏடு, தாம் யாரைக் கண்டுபிடித்தோம் என்று அறியாமலே கண்டுபிடித்தது! 2014இல் அந்நகரிலேயே அவர் காலமானார்.

2023இல் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் நூலொன்றின் உட்படங்களில் ஓவியர் ஒருவர் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தியது தெரியவந்து பெரும் கூச்சல் எழுந்தது. இனி ஓவியர்கள் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று விசர்ட்ஸ் நிறுவனம் விதி வகுத்தது. இயந்திரத்திடம் 'டிராகன், வீரன், வாள்' என்று கேட்டால் ஆயிரம் எல்மோர் கிடைக்கலாம். போர் முடிந்தபின் ஒருவன் வாளைத் துடைத்துக்கொண்டிருக்கட்டும் என்று அதனிடம் யார் கேட்பது?

இப்படிப்பட்ட நூலொன்றுக்கு அட்டை தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தால், ஓவியரிடம் போகுமுன் விதிநூலை வைத்துக்கொண்டு ஓர் ஆட்டம் முழுவதும் ஆடிப் பார்ப்பேன். அன்று மாலை மேசையில் எந்தக் கணத்தில் எல்லாரும் நாற்காலியின் விளிம்புக்கு வந்தார்கள் என்று குறித்துக்கொள்வேன். அது டிராகனாக இருக்கலாம். கயிறு அறுந்த கணமாகவும் இருக்கலாம். அந்தக் கணத்தை எழுதி ஓவியரிடம் கொடுத்து, மூன்று பென்சில் மாதிரி கேட்பேன். மாதிரிகளை நகம் அளவுக்குச் சுருக்கி ஒருமுறையும், பத்தடி தள்ளி வைத்து ஒருமுறையும், விளையாட்டைப் பற்றி ஒன்றும் அறியாத ஒருவரிடம் 'இதில் இவர்கள் என்ன செய்கிறார்கள்?' என்று கேட்டு ஒருமுறையும் பார்ப்பேன். தலைப்புக்கு மேலே நாலு விரற்கடை வெற்றிடம் விடச் சொல்வேன். ஓவியர் பெயரை உள்பக்கத்தில் பொடி எழுத்தில் போடாமல், நூலாசிரியர் பெயருக்குக் கீழே முன்னட்டையிலேயே போடுவேன்.